சிஸ்டரின் புறங்கை

அவரிடம் இரண்டு சீல்கள் இருந்தன. ஒன்று ஃபிட், இன்னொன்று ரெஸ்ட்.

அபுதாபிக்குப் பக்கத்து முசஃபாவில் எங்கள் கம்பெனி கேம்பின் வாசலை ஒட்டி, வெள்ளையடித்த தகரக் கேபின் ஒன்று நின்றது. அதுதான் கிளினிக். காலை நாலரை மணிக்கு அவர் அதன் விளக்கைப் போடுவார். கைப்பையிலிருந்து இரண்டு சீல்களையும் எடுத்து மேசையில் வைப்பார். ஐந்தரைக்கு சைட் பஸ். அதற்குள், உடம்புக்கு முடியவில்லை என்று வரிசையில் நிற்கிற ஒவ்வொருவன் சீட்டிலும் இரண்டில் ஒன்று விழுந்தாகவேண்டும். ஃபிட் விழுந்தால் பஸ், வெயில், சாரம், கம்பி. ரெஸ்ட் விழுந்தால் கட்டில், போர்வை, ஏசியின் உறுமல், ஒரு முழு நாள். நான் டைம் கீப்பர். சீட்டுகளை வாங்கிக்கொண்டு போய் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதனால் மூன்று வருடம், விடியும்போது நான் முதலில் பார்த்தது அவர் கையைத்தான். முகம் இப்போது கலங்கித் தெரிகிறது. கை கலங்கவில்லை.

சீலை எடுப்பதற்கு முன் அந்தக் கைக்கு ஒரு வேலை உண்டு. எதிரில் நிற்பவன் என்ன சொல்கிறான் என்று காது கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் கை நீண்டு, அவன் காதுக்குக் கீழே, காலர் முடிகிற இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். உள்ளங்கை இல்லை, புறங்கை. தெர்மாமீட்டர் அப்புறம்தான், அதுவும் ஃபைலுக்காக.

"ஏன் சிஸ்டர் புறங்கை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளங்கை வேல செஞ்சு தோலு தடிச்சதாக்கும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. புறங்கை பச்சப் பிள்ள மக்கா. பட்டதும் சொல்லிரும்."

கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கேம்பில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பெயர் பேட்ஜில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

கழுத்து மட்டும் என்றில்லை. கண்ணில் பட்ட எதன் மேலும் அந்தக் கை போய் உட்காரும். கேன்டீன் காஸ் சிலிண்டரைத் தொட்டு, "பாதிக்கு மேல போயாச்சு" என்பார். ஆபீஸ் சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஏசியைத் தடவி, "இதுக்குக் காச்சலு. ஆளக் கூப்புடு" என்றார் ஒருமுறை. இரண்டாம் நாள் அது நின்றுபோனது. நான் சம்பளப் பிரிவுக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்து மூச்சுவாங்கப் பேசிக்கொண்டிருந்த மத்தியானம், பாதிப் பேச்சில் என் கழுத்தில் கை விழுந்தது. "கோவம்தான். காச்சல் இல்ல. மேல சொல்லு."

வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு அவரைக் கம்பெனி பிக்கப்பில் கொண்டுபோய் விடுவேன். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் ஒன்று உண்டாம். திரும்பி வண்டியில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார். "மூணாவது பெஞ்சுல நிக்கா பாரு ஒரு அம்ம, அவளுக்குப் பிரஷர். கைய விடாம சொன்னேன், ஆசுபத்திரிக்குப் போன்னு. சமாதானத்துக்கு வந்த எடத்துல சண்டைக்கு வாறா."

சிரித்தோம். அந்தக் கையைக் கேம்பில் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் நேசித்தார்கள். கேம்ப் பாஸைத் தவிர.

கேம்ப் பாஸ் சென்னைக்காரர். அறைகள், சாப்பாடு, சாவி, சண்டை எல்லாம் அவர் பொறுப்பு. கிளினிக் வரிசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வர்ணனை செய்வார்.

"சிஸ்டர், இவன் பேச்ச நம்பாதீங்கோ. சுத்த ஆக்டிங்கு. நேத்து மட்டனை வளைச்சுக் கட்டினான். பஸ்ஸு சத்தம் கேட்டாத்தான் இவனுக்கு வவுறு வலிக்கும்."

"நீ செத்த சும்மா இரி. எனக்கக் கை கேக்கட்டும்."

"அடுத்தவன் அவனுக்கு மேல. இன்னா மூஞ்சி பாரு, இன்னா இருமல் பாரு! அவார்டு குடுத்து அனுப்பு சிஸ்டர்."

ரெஸ்ட் விழும். கேம்ப் பாஸ் தலையில் அடித்துக்கொள்வார். "அந்த ஃபிட்டு சீலு காளான் பூத்துடும்."

ஆக்டிங். கேம்பில் அந்தச் சொல்லுக்கு டூட்டி, லீவு அளவுக்குப் புழக்கம். ஃபோர்மேன் சொல்வான், டிரைவர் சொல்வான், சம்பளப் பிரிவு சொல்லும். சிஸ்டர் அதை வேறுமாதிரி வைத்திருந்தார். ஒரு முறை சீட்டுகளை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்.

"நடிக்கிறவன் இருக்கான் மக்கா, இல்லன்னு சொல்லல. ஆனா அவன் எனக்க வரிசையில நிக்க மாட்டான். அவன் பஸ்ஸுல இருப்பான். காச்சலோட, நல்லா இருக்கது மாதிரி நடிச்சுக்கிட்டு. சீக்கு மாதிரி நடிக்கதுக்கு இங்க எவனுக்கும் வசதி கெடையாது."

அதனால் சில நாள் பஸ் கிளம்புமுன் அவர் உள்ளே ஏறிவிடுவார். இருக்கை இருக்கையாகக் கழுத்துகளைத் தொட்டுக்கொண்டு பின்வரிசைவரை போவார். டிரைவர் ஹாரன் அடிப்பான். "யல்லா, சிஸ்டர், யல்லா!" யாரோ ஒருவனை மணிக்கட்டைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவார். அவன் முனகிக்கொண்டே வருவான், பிடிபட்டவன்போல.

இதெல்லாம் மேலே போகாமல் இருக்குமா? ப்ராஜெக்ட் மேனேஜர் அவரை அழைத்தார். நான் ஃபைலோடு பக்கத்தில் நின்றிருந்தேன். ரெஸ்ட் அதிகமாக இருக்கிறது, கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம் வருகிறது, குறையவில்லை என்றால் வேறு ஆள் பார்க்கவேண்டி வரும். குரலை உயர்த்தாமல் சொன்னார். சிஸ்டர் மேசை ஓரத்தில் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றார், அந்த மரத்துக்கும் ஏதோ இருப்பதுபோல. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

"நான் போனா, அடுத்தாப்புல வாறவன் கை வைப்பானா?"

வைக்கமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். அவர் இருந்தால் வரிசைக்கு ஒரு கை. இல்லாவிட்டால் சீல் மட்டும். அந்த வருடம் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்த கேள்வி அது. தூங்கவிடாத காரணம் ஒன்று அதற்கும் முன்பே இருந்தது. அதை நான் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை, பிக்கப்பில், சிக்னலில் நிற்கும்போது.

முந்தைய கோடை. வரிசை கேட்டைத் தாண்டிப் போயிருந்தது. பஸ் டிரைவர்கள் மூன்று பேரும் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். சாரம் கட்டுகிற ஒருவன், அரியலூர்ப் பக்கத்து ஆள், தலை சுற்றுகிறது என்று வந்து நின்றான். கேம்ப் பாஸ் நாற்காலியிலிருந்து, "ஆக்டிங்கு" என்றார். சிஸ்டரின் இடது கை அடுத்தவன் சீட்டை வாங்கிக்கொண்டிருந்தது. வலது கை சீலில். நிமிர்ந்து பார்த்தார். அடித்துவிட்டார். ஃபிட்.

"அந்த மூஞ்சி இப்பவும் இருக்கு மக்கா. செவந்து கெடந்துச்சு. அந்தப் புழுக்கத்துல எல்லாவனுக்கும் வேர்த்து வடியுது, அவன் மட்டும் வேர்க்காம நிக்கான். கண்ணு பாத்துச்சு. கை போவல." சிக்னல் பச்சையானது. எனக்குப் பின்னால் ஹாரன்கள். "கை வைக்காம சீல் வச்சது அந்த ஒண்ணுதான்."

அன்று மத்தியானம் சாரத்திலேயே உட்கார்ந்து சரிந்து, அவன் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டான். மாதக் கடைசி ரிப்போர்ட்டில் அது விபத்து என்று வரவில்லை. இயற்கை மரணம் என்று வந்தது. காலையில் ஃபிட் சீல் வாங்கிய ஆள். கீழே விழவில்லை, மேலே எதுவும் விழவில்லை. டைப் செய்தது நான். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாமல்.

விபத்தே இல்லாத வருடம் என்று கம்பெனிக்குப் பாராட்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஸ்டாஃப் எல்லோருக்கும் ஒரு ட்ரிப் ஏற்பாடானது. துபாய்க்கு வெளியே, நெடுஞ்சாலையை விட்டு மணலுக்குள், குளிர்காலத்துக்கு மட்டும் ஒட்டுப்பலகையில் ஒரு கோட்டை கட்டியிருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து குதிரைகளும் வீரர்களும் வந்திருந்தார்கள். ராஜா காலத்து விருந்து, கண்முன்னே கத்திச்சண்டை. வரமாட்டேன் என்றார் சிஸ்டர். குரூப் போட்டோவில் எல்லோரும் இருக்கவேண்டும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார். வெளிர்நீலப் புடவை, மேலே பழுப்பு ஸ்வெட்டர், மடியில் கைப்பை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். கைப்பைக்குள் எதுவோ கடகடவென்று உருண்டது.

"என்ன சிஸ்டர், கல்லா?"

"சீலு. விட்டுட்டு வந்தா எனக்கு முன்னாடி வேற எவனாவது எடுத்து அடிச்சிருவான்."

கோட்டை வாசலில் ஆளுக்கொரு காகிதக் கிரீடம் வைத்தார்கள். எங்கள் கேலரிக்குச் சிவப்பு. சிவப்புக் கிரீடக்காரர்கள் சிவப்பு வீரனுக்காகக் கத்தவேண்டும், எதிர் கேலரி கறுப்பு வீரனுக்கு. அதுதான் விதி. நடுவே மணல் பரப்பிய களம், இடுப்பளவு மரக்கம்பு வேலி. தீப்பந்தங்கள். நீண்ட பாவாடை கட்டிய ஃபிலிப்பினோ பெண் ஒருத்தி தட்டோடு வந்து கேம்ப் பாஸை, "மை லார்ட்" என்றாள்.

"கேட்டியா? லார்டாம்! காலைல மேனேஜர் கையால டோஸ் வாங்கினவன் நானு."

அறிவிப்பாளன் களத்தின் நடுவில் நின்று முழங்கினான். அந்தக் காலத்தில் முள்கரண்டி கிடையாது, ஸ்பூன் கிடையாது, இன்றிரவு நீங்கள் எல்லோரும் கையால் சாப்பிடப் போகிறீர்கள்! எதிர் கேலரி வெள்ளைக்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இதுக்கா டிக்கெட்டு?" என்றார் கேம்ப் பாஸ். "எங்க மெஸ்ஸுல தினமும் ராஜா காலம்தான்யா."

பாதிக் கோழி வந்தது. சிஸ்டர் புறங்கையை அதன் தொடைமேல் வைத்தார். "உள்ள வேகல. எலும்புக்கிட்ட பச்சையா கெடக்கு. திங்காதேங்க." கேம்ப் பாஸ் அதற்குள் பாதியை முடித்திருந்தார்.

குதிரைகள் வந்தன. தரை அதிர்ந்தது. எனக்குள் என்னவோ எழுந்து ஓடியது, பொய் சொல்லமாட்டேன். அந்தப் பந்த வெளிச்சம், கொம்பொலி, மணலைக் கிளப்பும் குளம்புகள். தொண்டை கிழியக் கத்தினேன். சிவப்பு வீரன் வேலியோரமாக எங்களை வலம் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி, ஒரு பூவை முத்தமிட்டு, மேனேஜரின் மனைவி பக்கம் எறிந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வைக்கோல் நிறத் தலைமுடி. பூ பாதி தூரத்திலேயே விழுந்தது. கூட்டம் சிரித்தது.

சிஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார்.

"பாத்தியா அவனுக்க மூஞ்சிய?"

"மேக்கப் சிஸ்டர்."

"இரும்பு மாட்டிக்கிட்டு இந்தச் சுத்து சுத்துறான். குதிரைக்கு வேர்த்து வடியுது. அவனுக்கு ஒரு சொட்டு இல்ல."

நான் கேட்கவில்லை. அதாவது, காதில் விழுந்தது. கறுப்பு வீரன் வந்துவிட்டான், கத்திகள் மோதின. சிவப்பு வீரன் குதிரையிலிருந்து சரிந்தான். எழுந்தான். முட்டிபோட்டான். கறுப்பு வீரன் சங்கிலியில் தொங்கிய முள்குண்டைச் சுழற்றி அடிக்க, மல்லாந்து விழுந்தான். கொம்பு ஊதியது. பந்தங்களைத் தாழ்த்தினார்கள். ராஜா வேடமிட்டவன் எழுந்து, ஒரு வீரன் இறந்தான் என்று கனத்த குரலில் தொடங்கினான்.

அப்போது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

வெளிர்நீலப் புடவை வேலியைத் தாண்டியிருந்தது. எப்படித் தாண்டினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு செருப்பு வேலிக்கு இந்தப் பக்கம் கிடந்தது. தலையில் சிவப்புக் கிரீடத்தோடு, மணலில் கால் புதையப் புதைய ஓடினார். குதிரை ஒன்று மிரண்டு முன்கால்களைத் தூக்கியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. செத்துக் கிடந்தவன் பக்கத்தில் மண்டியிட்டு, இரும்புபோலத் தெரிய வெள்ளி வர்ணம் பூசிய கம்பளிச் சட்டையை விலக்கி, கழுத்தில் புறங்கையை வைத்தார்.

கறுப்பு வீரன் முள்குண்டோடு அப்படியே நின்றான். அப்புறம் அறிவிப்பாளனுக்குச் சமயோசிதம் வந்துவிட்டது. மைக்கில் சொன்னான்: "இதோ, வீரனின் தாய் வந்துவிட்டாள்!"

கோட்டையே இடிந்து விழுவதுபோலச் சிரிப்பு. கைதட்டல். மேனேஜரின் மனைவி புதுச் செல்போனைத் தூக்கிப் படம்பிடித்தாள். அப்போதுதான் கேமரா வைத்த போன்கள் வர ஆரம்பித்திருந்தன. சிஸ்டர் கையை எடுக்காமல் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மக்கா! தண்ணி கொண்டா!"

என் முன்னால் தண்ணீர்க் குடுவை இருந்தது. மண் நிறத்தில், ராஜா காலத்துக் குடுவை. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, உன் ஆளா என்கிற கேள்விதான். நான் குடுவையைத் தொடவில்லை. சிரித்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் சிரித்தேன்.

இரண்டு காவலாளிகள், கையில் ஈட்டியோடு, மரியாதையாக முழங்கையைப் பிடித்து அவரை அழைத்து வந்து விட்டார்கள். கேம்ப் பாஸ் குனிந்து செருப்பை எடுத்துக் கொடுத்தார். "இன்னா சிஸ்டர், காசு வாங்கினு ஆக்டிங் பண்றவன்கிட்டயா போய்…" சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்திரி. எங்கூட வா."

போனேன். டாய்லெட் போகிறவன் மாதிரி எழுந்து போனேன்.

ஒட்டுப்பலகைச் சுவருக்குப் பின்னால் கோட்டை இல்லை. ஜெனரேட்டர், லாரி, குதிரைச் சாணம், பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு நாற்காலியில் இறந்த வீரன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். ஷோவை நடத்துகிறவன் கையில் வாக்கிடாக்கியோடு குறுக்கே வந்தான். "மேடம், ஹி இஸ் ஆக்டிங். சாவதில் இவன்தான் எங்களிடம் பெஸ்ட்." சிஸ்டர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார், தூணைச் சுற்றிப் போவதுபோல. என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். புறங்கையை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினார்.

நண்பகலில் கேம்ப் கேபினின் தகரத்தைத் தொட்டிருக்கிறீர்களா? அது. அதற்குள் ஒரு நாடி, கதவைத் தட்டுகிறவன்போல.

"என்ன சொல்லுது?"

"கொதிக்குது சிஸ்டர்."

"ம். நீ சாட்சி."

குதிரைக்கு வைத்திருந்த தண்ணீர் வாளியில் தன் ஸ்வெட்டரை முக்கி அவன் பிடரியில் போட்டார். அவன் கண்ணைத் திறந்தான். எந்த நாட்டு ஆங்கிலமோ, உடைந்து உடைந்து வந்தது. "ப்ளீஸ், மம்மா. நோ டாக்டர். கான்ட்ராக்ட். ப்ளீஸ்." கேம்ப் பஸ்ஸின் பின்வரிசையில் நான் நூறு முறை கேட்ட குரல். மொழிதான் வேறு.

சிஸ்டர் கைப்பையைத் திறந்தார். பக்கத்து நாற்காலியில் தோல்சுருள்போல அச்சடித்த மெனு அட்டை ஒன்று கிடந்தது. அதைத் திருப்பி, ரெஸ்ட் சீலை வாயருகே கொண்டுபோய் ஊதி ஈரமாக்கி, ஒரு அடி அடித்தார். கீழே கையெழுத்து. அவன் கையில் கொடுத்தார். அந்தச் சீலுக்கு அந்தக் கோட்டையில் ஒரு மதிப்பும் கிடையாது, அவருக்கும் தெரியும். அவன் அதை இரண்டாக மடித்துப் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டான். கொம்பு ஊதியது. கடைசி வணக்கத்துக்காக எழுந்து, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, குதிரையில் ஏறி, வெளிச்சத்துக்குள் போனான். வெளியே சிவப்புக் கேலரி கத்தியது.

எங்கள் பஸ் கிளம்பும்போது அடுத்த ஷோவுக்கு ஆட்கள் கிரீடம் வைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சாலைக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் மணலுக்குள்ளிருந்து முரசு கேட்டது. சிஸ்டர் ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்திருந்தார்.

"அந்தப் பிள்ள மறுபடியும் சாவுகதுக்குப் போறான்" என்றார்.

வீடியோ ப்ளூடூத்தில் கேம்ப் முழுக்கப் போனது. ஓடுகிற புடவை, மிரளும் குதிரை, சிரிப்பு. மெஸ்ஸில் ஒரு மேசையில் நாலைந்து பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரம் கட்டுகிறவர்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் சொன்னான்: "இந்த ஓட்டத்த நம்ம ஆளுக்கு ஓடியிருந்தா…" இன்னொருவன், "அவனுக்குத்தான்டா ஓடுது" என்றான்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஒரு தாள் கொடுத்தார். "நீ பக்கத்தில் இருந்தவன். பார்த்ததை எழுது. நடிகனுக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாத நர்ஸை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கேம்ப் நடத்துவது?" நியாயமான கேள்விபோலவே இருந்தது. என் விசாவும் அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது அந்தத் தாளில் எங்கும் இல்லை, ஆனால் அந்த அறையில் இருந்தது.

எழுதினேன். சிஸ்டர் வேலியைத் தாண்டினார். நடிப்புக்காக விழுந்துகிடந்தவரை நிஜம் என்று நினைத்து ஓடினார். காவலர்கள் அழைத்து வந்தார்கள். கம்பெனி சீலை வெளி ஆள் ஒருவருக்காகப் பயன்படுத்தினார். எல்லாம் நடந்தது. ஒரு வரி பொய் இல்லை. அவன் கழுத்தை நான் தொட்டேன் என்பது மட்டும் இல்லை.

பத்து நாளில் சிஸ்டரின் விசா கேன்சல். கலாஸ், முடிந்தது.

அவர் கிளம்பிய காலையில் வழக்கம்போல வரிசை நின்றது. சீட்டு இல்லாத வரிசை. ஒவ்வொருவனும் வந்து கழுத்தைக் காட்டினான், அவர் தொட்டார், அவன் பஸ் ஏறினான். கடைசியில் கேம்ப் பாஸ் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். காலர் பட்டனைக் கழற்றியிருந்தார்.

"நமக்கும் ஒரு தபா வெச்சுட்டுப் போ சிஸ்டர்."

"நீ ஆக்டிங் ஆச்சே."

"அய்ய, பாரு நீயி."

தொட்டார். கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தார். "பிசுபிசுன்னு இரிக்கு. சுகர் பாத்துக்க. அந்தக் கோழிய விடு." கேம்ப் பாஸ் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் போனார். உட்காராமல் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பிக்கப்பில் பெட்டியை ஏற்றிவிட்டு நின்றேன். ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டவேண்டும். என் தாளை அவருக்கு வாசித்துக் காட்டித்தான் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும்.

"சிஸ்டர், நான்…"

"நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல மக்கா."

கை நீண்டது. காதுக்குக் கீழே, காலர் முடிகிற இடத்தில், புறங்கை. குளிர்ந்திருந்தது. முன்பெல்லாம் எனக்கு வைத்ததைவிட அதிக நேரம் வைத்திருந்தார். எதையாவது கண்டுபிடிக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். காய்ச்சல், படபடப்பு, ஏதாவது ஒன்று.

"ஒண்ணுமில்ல" என்றார். கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். "ஃபிட்டு. டூட்டிக்குப் போ."

மறுநாள் நாலரைக்குக் கிளினிக்கில் விளக்கு எரிந்தது. புதிதாக வந்தவன் மேசைக்குப் பின்னால் காதில் போனோடு உட்கார்ந்திருந்தான். வரிசை இன்னும் சேரவில்லை. மேசை ஓரத்தில் அன்றைய சீட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பெயர் எழுதும் கோடு காலி. கீழே எல்லாவற்றிலும் ஃபிட். மேல் சீட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மை காய்ந்திருந்தது. வெளியே ஒருவன் இருமிக்கொண்டே வந்து நின்றான்.

நான் சீட்டுகளில் பெயர் ஏறும்வரை காத்திருந்து, வாங்கிக்கொண்டு, ஆபீசுக்குப் போனேன்.